கை இருக்கு, போ

ஜூன் 4

காலையில் பெரிய மாஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஜிம்னாஸ்டிக்ஸ் சின்னப் பசங்க வகுப்பு ஏழு வாரமா அப்படியே கிடக்கு. புது ஆள் கிடைக்கிற வரைக்கும் நீங்க பாத்துக்கணும்" என்றார். நான் மேட் துடைக்கிறவள், எனக்கு என்ன தெரியும் என்றேன். "ஆறு வருஷமா உங்க பொண்ணு வகுப்பு எடுக்கிறப்ப பக்கத்துலயே நின்னு கை குடுத்திருக்கீங்க. குட்டிங்க உங்ககிட்டதான் ஒட்டும்."

என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். எங்கள் பொண்ணு பாப்பா போனதிலிருந்து இவருக்கு வேன் ஓட்டுவது, வந்து டிவி முன்னால் உட்காருவது, அவ்வளவுதான். சத்தம் வைப்பதில்லை. படம் மட்டும் ஓடும்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

ஜூன் 6

பதினொரு பேர். ஆறு வயசு, ஏழு வயசு. அதே கூடம், அதே நீல மேட், ரப்பரும் வியர்வையும் கலந்த அதே வாடை. வாசலைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டேன். நல்லவேளை, லாரி ஓடி வந்து வயிற்றில் முட்டினான். லாரி என்பது பாப்பா வைத்த பேர். உருளும்போது வாயால் ஹாரன் அடிப்பான்.

பாப்பாவை அக்கா என்பார்கள். அக்காவுக்கு அம்மா, அதனால் நான் அக்காம்மா.

"அக்காம்மா, உங்களுக்குக் குட்டிக்கரணம் போடத் தெரியுமா?" என்றான்.

"தெரியாது."

"அப்புறம் எப்படி நீங்க டீச்சர்?"

"சமைக்கிறவங்க என்ன, அடுப்புலயா ஏறி உக்காருறாங்க? போய் வரிசையில நில்லுடா."

எல்லாரும் சிரித்தார்கள். பட்டாணி மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்திலேயே சின்னவள், அதனால் பட்டாணி. "அக்கா எப்ப வருவாங்க?" என்று கேட்டாள்.

லாரி அவள் தலையில் குட்டினான். "செத்துட்டாங்கன்னு அன்னைக்கே சொன்னேன்ல."

வரிசையை நேராக்கச் சொன்னேன். வேறு என்ன செய்ய.

ஜூன் 9

இன்று வகுப்பு இல்லை. துடைத்தேன், வந்தேன்.

ஜூன் 17

பாலம் ஆரம்பித்தாயிற்று. நின்ற இடத்தில் கையைத் தூக்கி, பின்னால் வளைந்து வளைந்து, உள்ளங்கை தரையைத் தொட வேண்டும். குழந்தைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதுதான் பயம். அதற்காக நாம் பக்கத்தில் மண்டி போட்டு முதுகுக்குக் கீழே கை கொடுக்கிறோம்.

பாப்பாவின் முறை இது. முதல் வாரம் ரெண்டு கை. அப்புறம் ஒரு கை. அப்புறம் ரெண்டு விரல். அப்புறம் ஒருநாள், "கை இருக்கு, போ" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிடுவாள். குழந்தை போய்விடும். எழுந்த பிறகுதான் சொல்வாள், "கை எங்க இருந்துச்சு? நீயேதான் போன!" அது போடுகிற கூச்சலில் கூரை பறக்கும்.

நான் ஒருதடவை கேட்டிருக்கிறேன், பொய் சொல்லலாமாடி என்று. "நெஜத்தச் சொன்னா யாரும்மா வளைவா?" என்றாள்.

ஜூன் 30

என்னால் முடியவில்லை. பட்டாணிக்கு இப்போது ரெண்டு விரல்தான். அதுவும் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது. எடுத்தால் போய்விடுவாள், கண்ணுக்குத் தெரிகிறது. "கை இருக்கு" வரைக்கும் வாய் வந்தது. எடுக்க வரவில்லை.

எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொல்லாதது.

மூன்றாம் நாள் காய்ச்சலில் பாப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டே கிடந்தாள். எனக்குத் தலை சுற்றியது, காலையிலிருந்து பச்சைத் தண்ணி குடிக்கல. இங்கதான் இருக்கேன்டி, கண்ண மூடு, அப்படின்னு சொன்னேன். மூடினா. விரலை ஒவ்வொண்ணா எடுத்தேன். டீ குடிக்கக் கீழ போனேன். பத்து நிமிஷம். பத்தே நிமிஷம். மேல வந்தா கட்டிலச் சுத்தித் திரைய இழுத்து விட்டிருக்காங்க.

இருக்கேன்னு சொல்லிட்டுப் போனேனே.

ஜூலை 11

பெரிய மாஸ்டர் வகுப்பைப் பார்க்க வந்தார். "என்னம்மா, இன்னும் எல்லாருக்கும் கை குடுத்துட்டே இருக்கீங்க? கைக்குப் பழகிட்டா கெட்டுது. இருபதாம் தேதி தேர்வு, தெரியும்ல? ஒருத்தரும் பக்கத்துல நிக்க முடியாது" என்றார்.

பாலம் போட்டால்தான் பெரிய வகுப்புக்கு ஏற்றுவார்கள். "பட்டாணி தனியாப் போறாளா?" என்று கேட்டார்.

"போறா" என்றேன்.

ரெண்டு விரல்தானே என்று நினைத்தேன். ரெண்டு விரலெல்லாம் ஒரு கையா?

ஜூலை 20

மேட்டைச் சுற்றி வெள்ளைக் கோடு. கோட்டுக்கு வெளியே நான். பட்டாணி கையைத் தூக்கினாள். என்னைத் தேடினாள். நான் தலையாட்டினேன். வளைந்தாள், அழகாக. பாதியில் நின்றாள்.

விரலுக்காக நின்றாள். எனக்கு மட்டும்தான் தெரியும் அது.

பாதியில் நிற்கக் கூடாது. நின்றால் உடம்பு திருகிக்கொள்ளும். பக்கவாட்டில் விழுந்தாள், ஒரு கை அடியில். விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அதற்கப்புறம்தான் அழுகை.

ஜூலை 21

மணிக்கட்டில் முறிவு. மாவுக்கட்டு. பார்க்கப் போனேன். அவள் அம்மா தையல்காரி, ரொம்ப மரியாதையான பொம்பளை. வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"ஒங்க பொண்ணு இருக்கையில எம்புள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல. அவங்க அம்மான்னு நம்பித்தானே விட்டேன்? தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானே?"

ஆமாம் என்றேன். உள்ளேயிருந்து பட்டாணி கத்தினாள், "அக்காம்மா, ஏன் கை வைக்கல?"

திரும்பி நடந்துவிட்டேன். சாலையைக் கடந்தது கூட ஞாபகம் இல்லை.

ஜூலை 22

பெரிய மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். அவள் தனியாகப் போனதே இல்லை, நான் பொய் சொன்னேன் என்று. கையிலிருந்த நோட்டை மூடி வைத்தார். பிறகு, "தொடைக்கிற வேலைக்கு வாங்க" என்றார். துரத்தவில்லை. துரத்தியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 3

புது டீச்சர் வந்தாயிற்று. இருபத்துநாலு வயசு இருக்கும். பாப்பா மாதிரியே வலது காலை முதலில் வைத்து மேட்டில் ஏறுகிறாள். எல்லாரும் அப்படித்தான் ஏறுவார்கள். எனக்குத்தான் அப்படித் தெரிகிறது.

ஆகஸ்ட் 19

துடைத்தேன். வந்தேன்.

செப்டம்பர் 14

பட்டாணி வந்திருந்தாள். கட்டுப் பிரித்தாயிற்று, கை மூங்கில் குச்சி போல வெளுத்துக் கிடக்கிறது. இன்னும் ஒரு மாசம் ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அவள் அம்மா என் காதுபடவே புது டீச்சரிடம் சொன்னாள், "அந்தம்மா இவ பக்கத்துல வரக் கூடாது. மத்தபடி நீங்க பாத்துக்கங்க."

நியாயம்தான். வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பக்கம் போனேன்.

அக்டோபர் 22

பத்து நாளாகப் பட்டாணி பாலத்துக்கு நிற்பதும் அழுவதுமாக இருந்தாள். இன்று புது டீச்சர் மண்டி போட்டாள். தூரத்திலிருந்து பார்த்தேன், ஈரத் துணி கையிலேயே இருந்தது. "கை இருக்கு, போ" என்ற குரல் கேட்டது; பசங்கள்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பாதியில் கையை எடுத்துவிட்டாள். என்னை அறியாமல் ஓர் அடி முன்னால் வைத்தேன்.

பட்டாணி போய்விட்டாள். ரெண்டு உள்ளங்கையும் தரையில். லாரி ஹாரன் அடித்தே ஊரைக் கூட்டினான்.

நான் தண்ணீர்க் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது பட்டாணியே வந்தாள்.

"ஒங்கம்மா திட்டுவாங்க, போ" என்றேன்.

"தண்ணி குடிக்க வந்தேன்." குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். "அக்காம்மா, கை இருக்குன்னு டீச்சர் சொன்னாங்கல்ல? பொய்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"முதுகு சில்லுன்னு ஆச்சு."

"தெரிஞ்சுமா போன?"

என்னை ஒரு மக்கு மாதிரி பார்த்தாள். "பாதி போயாச்சுல்ல. அப்புறம் எப்படி நிக்கிறது? நின்னா விழுந்துருவேன்ல."

"பயமா இல்லியா?"

"இருந்துச்சு. தரை எங்கன்னு தேடிட்டே இருந்தேனா, பயத்த விட்டுட்டேன்."

ஓடிவிட்டாள். குழாயை மூட மறந்து நின்றேன்.

அக்டோபர் 23

அப்படியானால் பாப்பாவுக்கும் தெரிந்திருக்கும். என் விரல் போனது தெரிந்திருக்கும். தூங்கிட்டா, தெரியாது, தெரியாது — இப்படிச் சொல்லித்தானே இத்தனை நாள் தள்ளினேன். தெரிஞ்சிருக்கும்டி உனக்கு. கூப்பிடலயே நீ. பாதி போயிட்டியா?

அக்டோபர் 25

மத்தியானம் சாப்பாடு போடும்போது இவரிடம் சொல்லிவிட்டேன். டீ குடிக்கப் போனது, இருக்கேன் என்றது, எல்லாம். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"குடிச்சியா?"

"என்னது?"

"டீ."

"இல்ல. ஆறட்டும்னு வச்சேன். மனசு கேக்கல, அப்படியே விட்டுட்டு மேல ஓடினேன்."

தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார், "நான் எண்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தேன். நீ ரெண்டு மாடி தள்ளி இருந்த. இதுல யார யார் கேக்குறது?"

ஆறு மாசத்தில் இவர் பேசிய நீளமான பேச்சு இதுதான். எழுந்து கை கழுவினார். சோறு பாதி அப்படியே இருந்தது. எனக்கும் இறங்கவில்லை.

நவம்பர் 18

புது டீச்சருக்குக் காய்ச்சல். எத்தனாவது நாள் என்று கேட்டேன். சாதாரணக் காய்ச்சல்தானாம், நாளைக்கு வந்துவிடுவாளாம். "இன்னைக்கு ஒருநாள் நிக்கிறீங்களா? நான் இங்கயேதான் இருப்பேன்" என்றார் பெரிய மாஸ்டர். முடியாது என்றேன். பிறகு வாளியைச் சுவர் ஓரம் வைத்துவிட்டுப் போனேன்.

பட்டாணி இந்த வகுப்பில் இல்லை, பெரிய வகுப்புக்கு ஏறிவிட்டாள். புதுசாக ஒரு குழந்தை, முன்பல் ரெண்டும் இல்லாதது. ரெண்டு விரல் வரைக்கும் வந்தவள் என்று மாஸ்டர் சொன்னார். மண்டி போட்டேன். விரலை வைத்தேன். முதுகு சூடாக இருந்தது, சின்ன முதுகு.

"கை இருக்கு, போ" என்றேன்.

வளைந்தாள். எடுத்துவிட்டேன்.

என் கை ஒரு சாண் கீழே காற்றில் நின்றது. அவள் நிற்கவில்லை.

எழுந்து திரும்பி, "கை இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல."

அவள் போட்ட கூச்சலில் எனக்குக் கண் மறைத்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, வரிசையில் அடுத்து நின்றவனைக் கூப்பிட்டேன்.