முடியாது என்றால் ஒரு சாக்லேட்

ஜூன் 3, திங்கள்
பயிற்சி கொடுக்க வந்தவர் கழுத்தில் விசில்! இனி தினமும் காலையில் நின்றபடியே கூட்டமாம். உட்கார்ந்தால் பேச்சு நீளுமாம். நேற்று என்ன செய்தோம், இன்று என்ன, எது தடை — ஆளுக்கு ஒரு நிமிடம். யார் 'முடியாது' என்று சொன்னாலும் எல்லோருக்கும் சாக்லேட் வாங்கித் தர வேண்டும் என்று சட்டமும் போட்டுவிட்டுப் போனார். டீம் லீடர் தலையைத் தலையை ஆட்டினார். மென்பொருளில் பிழை பார்ப்பது என் வேலை. முடியாது என்று சொல்லத்தானே என்னை வைத்திருக்கிறார்கள்?

ஜூன் 5
"தடை?" "இல்ல." "தடை?" "இல்ல." எனக்குக் கால்தான் வலிக்கிறது.

ஜூன் 11
வெள்ளிக்கிழமை மருத்துவமனைக்கு முன்பதிவுச் செயலியை அனுப்ப வேண்டும். இன்று பார்த்தால், வேலைகளை எழுதி ஒட்டும் போர்டில் அதன் அட்டை 'முடிந்தது' வரிசையில் ஜம்மென்று ஒட்டியிருக்கிறது. நான் இன்னும் தொடவே இல்லை! அதை எழுதிய புரோகிராமரைக் கேட்டேன்.
"ரெண்டு நாளைக்கு மேல அட்டை நடுவுல நிக்கக் கூடாதுன்னு விசில் சொன்னாருல்ல? அதான் தள்ளி ஒட்டிட்டேன்."
அடப்பாவி.

ஜூன் 12
சோதித்தேன். இரண்டு பேர் ஒரே நொடியில் அழுத்தினால் இருவருக்கும் டயாலிசிஸுக்கு ஒரே நேரம், ஒரே படுக்கை. லீடரிடம் ஓடினேன்.
"எப்பவோ ஒருத்தருக்கு நடக்கும்மா. நாளைக்கு 'சின்ன சவால்'னு சொல்லிடு."
மாதக் கடைசியில் என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போடப்போவதும் அவர்தான். அக்காவிடம் புலம்பினால், "வாயை மூடிட்டு இருடி, கையெழுத்து விழட்டும்" என்கிறாள். எப்படி இருப்பது? உடம்பு முடியாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவார்களே!

ஜூன் 13
"நாளைக்கு அனுப்ப முடியாது."
சொல்லிவிட்டேன். ஒன்பது பேருக்கு ஒன்பது சாக்லேட், மேசையில் வைத்தேன். லீடர் முகம் சுண்டிப்போனது. யாரும் தொடவில்லை. மதியம் புரோகிராமர் மட்டும் வந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "எங்க இடிக்குது, காட்டுங்க" என்றான்.

ஜூன் 14
செயலி போகவில்லை. லீடர் என்னைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூன் 20
சரியாகிவிட்டது. நானும் புரோகிராமரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இருநூறு முறை சேர்ந்து அழுத்தினோம். ஒரு முறைகூட மோதவில்லை. அட்டையை நானே நகர்த்தி ஒட்டினேன். லீடர் பார்த்தார், அவ்வளவுதான். போகட்டும், வேறு வேலை தேட வேண்டியதுதான்.

ஜூன் 28
காலைக் கூட்டத்தில் லீடர் தொண்டையைச் செருமினார். "ஆஸ்பத்திரிக்காரங்க அடுத்த பகுதியை ஒரே வாரத்துல கேக்கறாங்க. முடியாதுன்னு சொல்லிட்டேன்." சட்டைப்பையிலிருந்து சாக்லேட்டை எடுத்தார். வெயிலுக்கு அது இளகிப்போயிருந்தது. முதல் துண்டு எனக்கு. கூடவே மடித்த காகிதம் ஒன்று.
கையெழுத்துக்குப் பக்கத்தில் அவருடைய கட்டைவிரல் அளவுக்குச் சாக்லேட் கறை.