பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும்

ஞாயிறு, ஜூலை 6

காலையிலிருந்து தூறல். மாடியில் காயப்போட்டதெல்லாம் திரும்ப ஹாலுக்குள். மால்டாவிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகிறது, பெட்டியில் இன்னும் பாதி அப்படியே. ரிப்பேருக்கு வந்த யார் வீட்டு ஏ.சி.யையோ மச்சான் வேறு கழற்றி நடு ஹாலில் பரப்பி வைத்திருக்கிறார். கால் வைக்க இடமில்லை.

செய்ய வேண்டியவை: துணி மடிக்க. ஹனா யூனிஃபார்ம் இஸ்திரி. இஞ்சி பூண்டு அரைக்க. வியாழக்கிழமை ஃபேக்டரி குவாலிட்டி ஆடிட்டை நினைக்காமல் இருக்க.

மதியம் பெரிய நாத்தனார் படப்பையிலிருந்து குடும்பத்தோடு வந்தார். பிரியாணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார். "எங்க ஷமீமா, கம்பெனி செலவுல ஃபாரின் போய் மூணு வாரம் இங்கிலீஷ் படிச்சிட்டு வந்திருக்கியே. ரெண்டு வார்த்தை பேசு பாப்போம்."

எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்க்கிறார்கள். மகள் ஹனா மட்டும் தட்டைப் பார்த்தாள். வாயில் கொழுக்கட்டை அடைத்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. "சாப்பிடுங்க, ஆறிடும்" என்றேன். தமிழில்தான்.

"சரியாப் போச்சு! அங்கேயும் இப்படிப் பரிமாறிட்டுத்தான் வந்திருக்கா போல."

ஒரே சிரிப்பு. கட்டின மச்சானும் சிரித்தார். எரிச்சல், அழுகை, இரண்டும் வந்தது. தயிர்ப் பச்சடி எடுக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

அங்கே பேசினேன். அல்லா சாட்சியாகப் பேசினேன். முதல் வாரம் கடையில் ரொட்டி கேட்கக்கூடப் பயம், விரலால் காட்டித்தான் வாங்கினேன். வீட்டுக்காரம்மா ரோஸா, கழுத்தில் பெரிய சிலுவை, கை தவறித் தட்டு விழுந்தால் "அல்லா!" என்பார். அவர்கள் மொழியில் கடவுளுக்கு அதுதான் பெயராம். முதல் நாள் என் அழுகை நின்றதே அதைக் கேட்டுத்தான். அறையில் கூட இருந்தவள் பாவ்லா, பிரேசில்காரி, பல் டாக்டர். அவள் இங்கிலீஷும் என்னுடையதைப் போல நொண்டிதான். சாயங்காலம் கடல் சுவரில் உட்கார்ந்து எல்லாம் பேசுவோம். அவள் அம்மாவுடைய சர்க்கரை, என் பிரசவம், அவள் விவாகரத்து, என் நாத்தனார். வார்த்தை இல்லாவிட்டால் கை. கையும் போதாவிட்டால் சிரிப்பு. மூன்றாவது வாரம் பஸ் டிரைவரோடு சண்டையே போட்டேன், நிறுத்தத்தைத் தாண்டி இறக்கிவிட்டதற்கு. இங்கிலீஷில் சண்டை. ஜெயிக்கவும் செய்தேன்.

அந்த ஷமீமா மீனம்பாக்கத்தில் வந்து இறங்கவே இல்லை போலிருக்கிறது.

ஹனா ஸ்கூல் சர்க்குலர் காட்டினாள். சனிக்கிழமை பேரண்ட்ஸ் மீட்டிங். "அத்தாவ வரச் சொல்லுங்கம்மா. உங்களுக்கு எதுக்கு டென்ஷன்." சரி என்றேன். போன வருட மீட்டிங்கில் மிஸ் இங்கிலீஷில் கேட்டதற்கு நான் திக்கியதும், இவள் என் துப்பட்டாவை இழுத்து "தமிழ்லயே சொல்லுங்கம்மா" என்று கிசுகிசுத்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

திங்கள், ஜூலை 7

வெயில். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ கிடைக்கவில்லை, தாம்பரத்தில் கம்பெனி பஸ்ஸை ஓடிப் பிடித்தேன். ஒரகடம் ஃபேக்டரிக்குப் போகும் வழியில் ஜன்னல் பக்கம் திரும்பி மனசுக்குள் இங்கிலீஷ் ஒத்திகை. படப்பை வருவதற்குள் எல்லாம் மறந்துவிட்டது.

சுந்தர் சார் கூப்பிட்டார். மேனேஜர், நல்ல மனிதர், அதனால் இன்னும் பயம்.

"வியாழக்கிழமை ஆடிட்டருக்கு லைனைச் சுத்திக் காட்டற வாக் முழுக்க நீங்கதான் லீட் பண்றீங்க, ஷமீமா."

"சார், ரஞ்சனியும் கூட..."

"ரஞ்சனி பின்னாடி வருவாங்க. இந்த தடவையும் அவங்கதான் பேசணும்னா, லைனையே அவங்ககிட்ட குடுத்துட வேண்டியதுதானே? மேல கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஒன்பது வருடமாக என் லைன். கார் கதவுக்கான தகடு ஒவ்வொன்றும் என் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகிறது. அச்சு (டை) தேய ஆரம்பித்தால் தகட்டின் ஓரத்தைத் தடவியே சொல்லிவிடுவேன். இதை இங்கிலீஷில் சொல்ல வரவில்லை என்பதற்காகக் கொடுத்துவிட வேண்டுமா?

வரப்போகிறவர்கள்: ஆடிட்டர் (ஜெர்மன்காரர்). பிளான்ட் ஹெட். சு. சார். எச்.ஆர். மேடம். ரஞ்சனி.

ரஞ்சனியை வெறுக்கக்கூட முடியவில்லை. குவாலிட்டியில் என் கூட வேலை பார்க்கிறவள், கான்வென்ட்டில் படித்தவள், தங்கமான பெண். நான் திக்கினால் அவள் உதடு தானாக அசையும். வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிடுவாள். போன ஆடிட்டில் வந்த ஆள் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் உதவி வந்துவிட்டது. அப்புறம் அவர் என் முகத்தையே பார்க்கவில்லை, என் லைனில் நின்றுகொண்டு. மால்டாவில் யாரும் எனக்கு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. எடுத்துக் கொடுக்க யாரிடமும் இல்லை.

மதியச் சாப்பாடு: தயிர் சாதம் நாலு வாய்.

செவ்வாய், ஜூலை 8

கான்ஃபரன்ஸ் ஹாலில் ஒத்திகை. மானம் போயிற்று.

ஏ.சி. குளிர், எனக்கு மட்டும் வியர்வை. வணக்கம் சொன்னேன், பெயர் சொன்னேன், லைன் பெயர் சொன்னேன். அதற்கு மேல் ஒன்றுமில்லை. எச்.ஆர். மேடம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். ரஞ்சனியின் உதடு அசைந்தது. அவள் சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன், யூ.கே.ஜி. பிள்ளை ரைம்ஸ் சொல்வதைப் போல. சு. சார் வாட்சைப் பார்த்தார்.

"நாளைக்கு சாயங்காலம் பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார். என்ன முடிவு என்று கேட்கவில்லை. தெரியும்.

கான்டீனில் ஓரமாகப் போய் டீயோடு உட்கார்ந்தேன். பிரஸ் ஆபரேட்டர் செல்வம் அண்ணா எதிரில் வந்து உட்கார்ந்து, "இன்னா மேடம், மூஞ்சி ஏன் இப்டி டல்லா கீது?" என்றார். மொத்த கான்டீனும் திரும்பிப் பார்த்தது.

"அண்ணா, மெதுவா!"

"கத்தறனா? தெரில மேடம். பிரஸ்ல நின்னு நின்னு அப்டியே பழகிப்போச்சு. வூட்ல நான் சோறு கேட்டா தெருவே வந்து எட்டிப் பாக்குது. சண்டையான்னு. பேஜாரு."

சிரித்தேன். இந்த வாரத்தில் முதல் சிரிப்பு.

சாயங்காலம் மாடியில் துணி எடுக்கப் போனபோது பாவ்லாவின் வாய்ஸ் மெசேஜ். திரும்ப அவள் கிளினிக்கில் சேர்ந்துவிட்டாளாம், நோயாளி ஒருவன் விரலைக் கடித்துவிட்டானாம். நானும் பதில் பேசினேன். ஒத்திகை, பேனா மூடி, வாட்ச், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். இங்கிலீஷில். அருவி மாதிரி வந்தது. பக்கத்து மாடியில் கதவு திறந்தது. பேங்க் வேலை பார்க்கிற மாலா அக்கா, வாளியோடு. அவ்வளவுதான். பாதி வாக்கியத்தில் என் வாய் பூட்டிக்கொண்டது.

அக்கா என்னைக் கவனிக்கவே இல்லை. கொடியில் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தார்.

அப்படியானால் எனக்குப் பயம் இங்கிலீஷைப் பார்த்து இல்லை. வெள்ளைக்காரரைப் பார்த்தும் இல்லை. நம் ஆட்கள் காது கொடுத்துக் கேட்பார்களே, அதுதான். ஊரே ஒன்று சேர்ந்து திருத்தக் காத்திருப்பதாகத் தோன்றுகிறது. இது தெரிந்து என்ன பிரயோஜனம். நாளை மறுநாள் நான்கு நம் ஆட்கள் என் முதுகுக்குப் பின்னாலேயே நடந்து வருவார்கள்.

புதன், ஜூலை 9

புழுக்கம். மழை வருவேன் என்று பயமுறுத்திவிட்டுப் போய்விட்டது.

காலையில் பிரஸ் ஷாப்பில் ரவுண்ட்ஸ். காதில் இயர் ப்ளக், தலையில் துப்பட்டா, மேலே ஹெல்மெட். பெரிய பிரஸ் ஒவ்வொரு அடி அடிக்கும்போதும் தரை அதிர்ந்தது. செல்வம் அண்ணா இரண்டடி தள்ளி நின்று எதையோ கேட்டார், கேட்கவில்லை. கையால் "என்ன" என்றேன். அவர் என் காதருகே வந்து கத்தினார், ஸ்கிராப் வண்டி வரவில்லை என்று.

அப்போதுதான் உறைத்தது.

அவர் திரும்பி மெஷினைப் பார்த்ததும், அதே இடத்தில் நின்று நேற்று வராத பேச்சை முழுக்கச் சொன்னேன். பெயர், லைன், டை மாற்றினால் முதல் பீஸை ஏன் தனியாக வைக்கிறோம், கழித்த பீஸ் போடும் சிவப்புப் பெட்டியை ஏன் பூட்டுகிறோம். வாய் விட்டு, சத்தமாக. வந்தது! எல்லாம் வந்தது. உதடு அசைவதைப் பார்த்துவிட்டு அண்ணா ஓடிவந்தார்.

"இன்னா மேடம்? கேக்கல!"

"ஒண்ணுமில்லண்ணா!"

"இன்னா?"

"ஒண்ணுமில்ல!"

நேராக சு. சார் ரூம். கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.

"சார், ஓப்பனிங் மீட்டிங் நீங்க பண்ணுங்க. வாக் மட்டும் பிரஸ்லேர்ந்து ஆரம்பிக்கறேன். தகடு அங்கதானே சார் முதல்ல வருது."

"அந்த சத்தத்துல அவருக்கு என்ன கேக்கும்?"

"பக்கத்துல நிக்கறவருக்குக் கேக்கும் சார்."

"சரி. ஆனா இன்ஸ்பெக்ஷன் ரூம்ல சத்தம் இருக்காது, ஞாபகம் வெச்சுக்குங்க. அங்க நீங்க நிறுத்தினா ரஞ்சனி எடுத்துக்குவாங்க."

அதை நான் யோசிக்கவே இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ரூமின் கதவுதான் கண் முன்னால்.

மச்சானிடம் சொன்னேன். "பயமா இருக்கு மச்சான்." ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "முடியலன்னா விட்டுடு, என்ன இப்போ" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அதைக் கேட்டதும் இன்னும் பயம் வந்தது. விட்டுவிட எல்லாரும் அனுமதி கொடுக்கிறார்கள்.

வியாழன், ஜூலை 10

காலையில் வெயிலா மழையா, பார்க்கவில்லை. தொழுகையில் எத்தனை ரக்அத் முடித்தேன் என்றே குழம்பிவிட்டேன். இட்லி வேண்டாம் என்று வெறும் டீ.

ஆடிட்டர் நெட்டை. காதோரம் நரை. பிரஸ் ஷாப்பில் மஞ்சள் கோட்டுக்குள் இரண்டு பேர்தான் சேர்ந்து நடக்க முடியும். அவரும் நானும் முன்னால், மற்றவர்கள் பின்னால். எல்லாரும் இயர் ப்ளக் போட்டுக்கொண்டோம். பிஸ்மில்லா சொல்லி வாயைத் திறந்தேன்.

அவர் குனிந்து காதைக் காட்டி, மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன், கத்தி. தலையாட்டினார். அவர் ஒன்று கேட்டார், எனக்குக் கேட்கவில்லை. நானும் காதைக் காட்டினேன். அவரும் கத்தினார். அங்கே எல்லாரும் எல்லாவற்றையும் இரண்டு தடவைதான் சொல்ல வேண்டும், யாருக்கும் அதில் வெட்கம் கிடையாது. வராத வார்த்தைக்குக் கையைப் போட்டேன். திரும்பிப் பார்த்தேன். ரஞ்சனி மூன்றடி பின்னால், உதடு அசையவில்லை. அவளுக்கு ஒன்றுமே கேட்கவில்லை!

டை, முதல் பீஸ், சிவப்புப் பெட்டி. செல்வம் அண்ணா கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். பேசிக்கொண்டே நடந்தோம். ஆடிட்டர் கேட்க, நான் சொல்ல, கதவைத் திறந்து உள்ளே போனதுகூடத் தெரியவில்லை. ப்ளக் இன்னும் காதிலேயே இருந்தது.

"என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டிகூட இங்கிருந்து வெளியே போகாது!" இங்கிலீஷில், தொண்டை கிழிய.

"எவ்ரி பாக்ஸ்?" அவரும் ப்ளக்கோடுதான் கத்தினார்.

"எவ்ரி பாக்ஸ்!"

இன்ஸ்பெக்ஷன் ரூமில் கேஜ் வைத்துத் தகட்டை அளந்துகொண்டிருந்த பெண்கள் எல்லாரும் எங்களையே பார்க்கிறார்கள். எச்.ஆர். மேடம் வாயில் கை. சு. சார் தன் காதைத் தொட்டுக் காட்டினார். ப்ளக்கைப் பிடுங்கினேன். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. எவ்வளவு நேரமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை.

பயம் அப்படியே திரும்ப வந்து ஏறியது, மொத்தமும்.

அவரும் ப்ளக்கை எடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார். நீங்கள் விடுமுறையில் போனால் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

தெரியும். வாய்க்குத்தான் வரவில்லை. அந்த அமைதியில் ரஞ்சனி மூச்சை இழுப்பது கேட்டது. உதடு பிரிந்துவிட்டது அவளுக்கு. நான் என்ன செய்கிறேன் என்று யோசிப்பதற்குள் என் கை எழுந்துவிட்டது. உள்ளங்கையை அவள் பக்கம் விரித்து, பிரஸ்ஸில் "நிறுத்து" என்று காட்டுவோமே, அப்படி. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அவர் காத்திருந்தார். எல்லாரும் காத்திருந்தார்கள். போன மாதம் மூன்று வாரம் நான் இங்கே இல்லை, என்றேன். நான் பயிற்சி கொடுத்த ஷிஃப்ட் லீடர் போட்டார், காட்டுகிறேன். மெதுவாக, பாதி கையால். ஃபைலை எடுக்கப் போய்க் கீழே போட்டேன், "அல்லா!" என்றேன், ரோஸாம்மாவைப் போல. எடுத்தேன். காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு எழுதிக்கொண்டார். அடுத்த கேள்வியையும் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

முடிந்ததும் பாத்ரூமில் போய்க் காலையில் குடித்த டீயை வாந்தி எடுத்தேன். வெளியே ரஞ்சனி தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தாள். "சாரிப்பா, பழக்கமாயிடுச்சு எனக்கு" என்றாள். கட்டிப்பிடித்துக்கொண்டேன். சு. சார் சொன்னது: "எனக்கு இன்னும் காது அடைச்ச மாதிரியே இருக்கு. அடுத்த ஆடிட்டுக்கும் நீங்கதான். வால்யூம் மட்டும் கொறைச்சுக்குங்க."

வீட்டுக்கு வந்து ஹனாவிடம் டிஃபன் பாக்ஸைக் கேட்டேன். "ஏம்மா கத்தறீங்க?" என்றாள். எனக்குத் தெரியவே இல்லை.

மச்சான் ஸ்கூல் சர்க்குலரை எடுத்து, சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று பார்த்தார். "நீங்க வேணாம் மச்சான், நான் போறேன்" என்று சொல்லிவிட்டேன். இதற்கு முன்னால் ஆடிட்டரெல்லாம் ஒன்றுமே இல்லை. ஸ்கூலில் ஹனா என் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையையும் கேட்பாள்.

அவள் டிஃபன் பாக்ஸைக் கொண்டுவந்து நீட்டினாள். அப்புறம், "கத்தாமப் பேசுவீங்கதானே?"

"தெரியாது" என்றேன்.