கல்லுக்கு அடியில் உன் வளையல்

என் அண்ணிக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. அழுதுகொண்டு எழுதக் கூடாது என்றிருந்தேன். இப்போது அழுகை இல்லை, கோபம்தான் இருக்கிறது.

மேய்க்கால் நிலத்தைக் காப்பாற்ற நீ சேர்த்த குழுவில் பதினோரு பேர். உன் இரங்கல் கூட்டத்தில் அத்தனை பேரும் பேசினார்கள். "அந்தம்மாவுக்கு நெலம்தான் உசுரு" என்று மைக்கைப் பிடித்து அழுத செயலாளர், மறுவாரமே பிளாட் போட்டு விற்கிறவன் ஜீப்பில் முன்சீட்டில் போகிறார். எனக்கு வணக்கம் வேறு வைக்கிறார்.

ஈசிஆர் ரோடு வந்ததிலிருந்து அவனுக்கு அந்த இடத்தின்மேல் கண். நீ இருந்தவரை கை வைக்கவில்லை. நீ போனதும் எல்லைக்கல் மூன்றைப் பிடுங்கி, நம் மாடு மேய்கிற பக்கம் தள்ளி நட்டுவிட்டான்.

அந்தக் கற்களை முதலில் நட்ட நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அடியில் கரி போட்டு நடுவார்கள். கல் நகர்ந்தாலும் கரி இடத்தைச் சொல்லும். அன்றைக்குக் கரி கொண்டுவர மறந்துவிட்டார்கள். நீ மடியிலிருந்து ஒரு முடிச்சை அவிழ்த்தாய். என் அண்ணன் கருமாதியில் உடைத்த உன் பச்சை வளையல் துண்டுகள். மூன்று குழிக்கும் பிரித்துப் போட்டாய்.

"எங்கண்ணன் செத்து ஒடைச்ச வளையல சாணியிலயா போடுற? இன்னா பொம்பள நீ?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"ஒங்கண்ணன் மாடு மேய்ச்ச எடம்தானே பச்சையம்மா. அவரே காவலுக்கு இருக்கட்டும்" என்றாய்.

இரண்டு பொங்கலுக்கு உன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை நான். ஏன் என்று ஒரு தடவைகூட நீ கேட்கவில்லையே, ஏன்?

போன வாரம் என் மனுவுக்கு சர்வேயர் வந்தார். "கல்லு இங்கதானேம்மா கீது?" என்றார்.

"அதுக்குக் காலு மொளைச்சி வந்துட்ச்சி சார். பனமரத்துலேர்ந்து நாப்பது அடியில தோண்டச் சொல்லு."

சிரித்துக்கொண்டே தோண்டினார்கள். முழங்கால் ஆழத்தில் பச்சையாக மின்னியது. பிளாட்டுக்காரனோடு வந்திருந்த செயலாளர் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை.

அந்த இடத்திலிருந்து சர்வேயர் மறுபடி டேப் பிடித்து, மற்ற இரண்டு கல்லுக்கும் இடம் குறித்தார். ஆனால் அந்த இரண்டு இடத்திலும் பொக்லைன் விட்டு மண்ணையே வாரிவிட்டார்கள், அண்ணி. உன் வளையல் எந்த லாரியில் போனதோ. நாளைக்குப் புதுக்கல் நடுகிறார்கள். அடியில் போட ஏதாவது வேண்டும்.

கரி போடலாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நான் உசுரோடதான்டி கீறேன்" என்றார்.

"தெரியுது. அதான் கேட்டுட்டு ஒடைக்கிறேன்."

என் கை வளையலைப் பார்த்தார். "ஆழமாப் போடு" என்றார்.

கல் இரண்டு, எனக்குக் கையும் இரண்டு. நாளைக் காலையில் ஊர் பார்க்க உடைப்பேன். இனி அந்தக் கல்லைப் பிடுங்க வருகிறவன் என்னிடம் பேசட்டும்.

இரண்டு வருஷம் உன்னோடு பேசாத உன் நாத்தனார்,
பச்சையம்மா