இரண்டு காணவில்லை நோட்டீஸ்கள்

மாப்ளே,

இன்று விடியற்காலை பஸ்ஸிலிருந்து இறக்கிய பேப்பர்க் கட்டுகளோடு வழவழப்பான நோட்டீஸ் கட்டு ஒன்றும் வந்தது. பிரித்ததும் புது மை வாசனை மூக்கில் ஏறியது. போன வருஷ மழையில் வந்ததும் இதே வாசனைதான். அப்போது நோட்டீஸ் அடித்த கம்பெனியின் வெப் சீரிஸுக்கு இரண்டாம் பாகம் வருகிறதாம்.

முதல் பாகத்துக்கு வந்த நோட்டீஸை நீ மறந்திருக்க மாட்டாய். 'காணவில்லை' என்று மேலே கொட்டை எழுத்து, கீழே பாவாடை தாவணியில் ஒரு பெண்ணின் படம், கடைசியாக ஏற்காட்டில் பார்த்ததாக ஒரு வரி. சினிமா என்றோ சீரிஸ் என்றோ எங்கேயும் ஒரு எழுத்துக்கூட இல்லை. ஜவுளிக்கடை நோட்டீஸாக இருந்தாலும் முழுக்கப் படித்த பிறகுதானே நீ பேப்பருக்குள் செருகுவாய்? "நம்ம பேப்பருக்குள்ள இருக்கறத நாம சொன்னதாத்தான் மாப்ளே சனம் நெனைக்கும்" என்பாய். அன்று அதைப் படித்தாய். உள்ளே செருகினால் கண்ணில் படாமல் போய்விடும் என்று உன் மஞ்சக்குட்டை லைன் வீடுகளுக்கெல்லாம் பேப்பருக்கு வெளியே வைத்துப் போட்டாய். போட்டதோடு நிற்கவில்லை. ஜீப் டிரைவரையும் நாலு தோட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் இரண்டு நாள் காப்பித் தோட்டங்களுக்குள் அந்தப் பெண்ணைத் தேடினாய்.

எனக்கு அது விளம்பரம் என்று தெரியும், மாப்ளே. முதல் நாளே தெரியும்.

கட்டைக் கொண்டுவந்த கம்பெனி ஆள் என்னைத் தனியாக அழைத்துப்போய் டீ வாங்கித் தந்தார். "அண்ணா, வெள்ளிக்கிழமை வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. சனங்க நம்பணும், அவங்களே போன்ல பரப்பணும், அதுதான் எங்க பிளான். இந்த மலையில நீங்கதான் எங்க ஆளு" என்றார். கம்பெனி பெயர் போட்ட தொப்பி ஒன்றையும் தலையில் மாட்டிவிட்டார். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது வருஷமாகப் பேப்பர் போடுகிறவனை யாரும் அப்படி மதித்துப் பேசியதில்லை. நீ உண்ணிமுள் கிழித்த கால்களோடு வந்து, "அந்தப் பக்கம் காணோம் மாப்ளே, நாளைக்குத் தலைச்சோலைப் பக்கம் போவோணும்" என்றபோதும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஒண்டிக்கடை முக்கில் பெரிய பேனர் கட்டினார்கள். 'அவள் கிடைத்துவிட்டாள். இன்று முதல்.' நீ அதையும் முழுக்கப் படித்தாய். "போச்சாது, புள்ளை நல்லாருக்குதல்ல" என்று சிரித்தாய். பிறகு சாதாரணமாகக் கேட்பதுபோல, "உனக்கு முன்னாலயே தெரியுமா?" என்றாய்.

"எனக்கெப்படித் தெரியும்?" என்றேன்.

மாசியில் நெஞ்சுவலி வந்து நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். அந்த மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். நானும் நம்பிக்கொண்டேன்.

இன்று காலை அந்தக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று முழித்துக்கொண்டிருந்தபோது, ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிற ஒரு பெண் வந்து நின்றாள். சேலத்துக்காரி. கையில் ஜெராக்ஸ் எடுத்த நோட்டீஸ் கட்டு, அதிலும் 'காணவில்லை'. "ஏனுங்க, எங்கப்பாவுக்கு ஞாபகம் நிக்காதுங்க. நேத்து மத்தியானம் ரூமை விட்டு வெளிய போனவரு. போலீஸ்லயும் எழுதிக் குடுத்துட்டனுங்க. மேல சட்டைகூட இல்லீங்க" என்றாள். ராத்திரி முழுக்க மழை பெய்திருந்தது.

எல்லாப் பேப்பருக்கும் வெளியே அதை வைத்தேன். டீக்கடையில் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "போன தடவை புள்ளை, இந்தத் தடவை பெருசா? எப்பங்க ரிலீஸ்?" என்றார். கடையே சிரித்தது. அப்பாவின் படத்தை அவள் போனிலும் போட்டிருந்தாள், அதற்குக் கீழேயும் வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். என்னால் யாரையும் குறை சொல்ல முடியவில்லை. ஒரு தடவை முட்டாளாக்கப்பட்டவர்கள் மறுபடி ஏமாறக் கூடாது என்று உஷாராக இருக்கிறார்கள். கம்பெனி வந்து போய்விட்டது, நாங்கள் இங்கேயே இருக்கிறோம்.

அது நிஜம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "போன தடவையும் நீங்கதானுங்க போட்டீங்க" என்றார் ரைட்டர். ஆள் ஏற்றிக்கொண்டு மஞ்சக்குட்டை ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. நேராகப் போய் அதன் முன்னால் நின்றேன்.

"போன வருசம் அது வெளம்பரம்னு எனக்கு முன்னாலயே தெரியுமுங்க. தெரிஞ்சே மறைச்சுட்டேன். இதுல மறைக்க ஒண்ணுமில்லீங்க. அந்தப் பெரியவரு மழையில கெடக்கறாருங்க" என்று கத்தினேன். சிரிப்பு நின்றது. உன்னோடு தேடிய அதே டிரைவர் என்னை முறைத்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். "அப்பறம் பேசிக்கறேன் உங்களை. ஏறுங்க" என்றார். ரைட்டரும் டீயை வைத்துவிட்டு ஏறினார்.

பதினொரு மணிக்குப் பெரியவர் கிடைத்தார், ஒரு தோட்டத்து மோட்டார் ரூம் சுவரோரம், விறைத்துப்போய், ஆனால் உயிரோடு. சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பிழைப்பாரா என்று இன்னும் போன் வரவில்லை. கம்பெனி நோட்டீஸை நான் போடவில்லை. நான் போடாவிட்டாலும் எல்லார் போனுக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்து யார் தொலைந்தாலும் இந்த ஊர் தேடுமா என்று பயமாக இருக்கிறது.

ஜீப்பின் பின்சீட்டில் உன் மனைவி இருந்ததை நான் இறங்கும்போதுதான் பார்த்தேன். நான் கத்தியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. "தங்கச்சி, என்னை மன்னிச்சுரு" என்றேன்.

"அவருக்குத் தெரியுமுங்கண்ணா" என்றாள். "அப்பறம் உங்க ஊட்டுக்கு வந்தப்ப அந்தக் கம்பெனித் தொப்பியைப் பாத்துட்டாரு. நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தாரு."

மாசி வரைக்கும் ஏழு மாதம், மாப்ளே. தினமும் விடியற்காலையில் எனக்கு எதிரே உட்கார்ந்து பேப்பர் மடித்தாய். இன்னொரு தடவை நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று யோசிக்கிறேன். சொல்லியிருப்பேன் என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.