பயோடேட்டாவில் இருந்த பி.எஸ்ஸி.

நேற்று மகளின் தடுப்பூசிச் சீட்டைத் தேடி அலமாரியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். பட்டுப்புடவைகளுக்கு அடியிலிருந்து அந்தப் பச்சை ஃபைல் வந்தது. திறந்ததும் பாச்சை உருண்டையும் பழைய பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. உள்ளே என் பி.எஸ்ஸி. மார்க் ஷீட்டுகள் ஆறும், எங்கப்பா கோபியில் ஒரு கடையில் கொடுத்து லேமினேட் செய்து வாங்கிவந்தபடியே இருந்தன. முதன்முதலாக இதைக் கையில் வாங்கிப் பார்த்த அன்று, "ஏட்டி, பெயிலானதுக்குமா கண்ணாடி போட்டு வச்சிருக்க?" என்று கேட்டாய் நீ. நேற்று அது காதில் கேட்டது. தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அழுகையாகிவிட்டது. மகள் வந்து எட்டிப் பார்த்து, "மாம், ஆர் யூ ஓகே?" என்றாள். தூசி என்று சொல்லிவிட்டேன்.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. மனசுக்குள்ளேயே உன்னோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், அதற்கு மேல் எழுத்து எதற்கு என்று விட்டுவிட்டேன். ஆனால் ஒரு விஷயத்தில் உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அதை எழுதித்தான் தீர்க்க வேண்டும்.

நாம் சந்தித்ததை நினைத்தால் இப்போதும் வேடிக்கைதான். எங்கள் வீடு இருக்கும் சுகர் லேண்டிலிருந்து இருபது நிமிஷம் தள்ளி இருக்கும் அந்த இரண்டு வருஷக் கம்யூனிட்டி காலேஜின் பார்க்கிங். ஆகஸ்ட் வெயில். வகுப்பில் என்னைத் தவிர எல்லாருக்கும் பத்தொன்பது வயசு என்று நம்பிக்கொண்டு, காருக்குள் ஒளிந்து அரிசிம்பருப்புச் சோறு தின்றுகொண்டிருந்தேன். நீ வந்து கண்ணாடியைத் தட்டினாய். போலீஸோ என்று பதறிவிட்டேன். "நெய் வாசம் அந்தக் கடைசி கார் வரைக்கும் வருது. கோயம்புத்தூரா?" என்றாய். "இல்லைங்க, கோபி" என்றேன். "எனக்கு அம்பாசமுத்திரம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கிளாஸ்ல உனக்குப் பின்னாடிதான் உக்காந்திருக்கேன். ஒரு தடவ திரும்பிப் பாத்தியா நீ?" என்றாய். மறுவாரமே ஒரே காரில் போகத் தொடங்கிவிட்டோம். எப்போதும் உன் கார், எப்போதும் நீதான் ஓட்டுவாய். நான் ஓட்டினால் ஃப்ரீவேயில் மாட்டு வண்டிகூட முந்திவிடும் என்பது உன் கருத்து.

உனக்கு நர்ஸிங் ஆசை. எனக்கு என்ன ஆசை என்று எனக்கே தெரியாது. கல்யாணமாகி அமெரிக்கா வந்து பத்து வருஷம் மகளும் சமையலுமாகப் போய்விட்டது. கிரீன் கார்டு வந்ததும், சும்மா இருக்காதே, ஒரு கிளாஸ் படி என்று வீட்டுக்காரர் சேர்த்துவிட்டார். போனால், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்னைப் பிடித்துக்கொண்டது. வீட்டுப்பாடம் செய்யும்போது குக்கர் விசில் காதில் விழாமல் மூன்று தடவை பருப்பைத் தீய்த்திருக்கிறேன். அடுத்த ஒன்றரை வருஷத்தில் ஒரு சி கிரேடு தவிர எல்லாம் ஏ. அதைப் பார்த்துவிட்டுத்தான் நீ ஆரம்பித்தாய். நகரத்துக்குள் இருக்கும் அந்தப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்பர் அப்ளை பண்ணு என்று.

"அங்க எல்லாம் நம்மள மாதிரி ஆளுகளை எடுப்பாங்களா?"

"எடுக்கலேன்னா அவனுக்குத்தான் நட்டம். நீ பாரத்த நிரப்பு."

நிரப்பினேன். காலேஜ் லைப்ரரியில் நீ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் கொறித்துக்கொண்டிருந்தாய். இதற்கு முன் படித்த எல்லாக் கல்லூரிகளின் பெயரையும் எழுது, முடித்திருந்தாலும் சரி, முடிக்காவிட்டாலும் சரி என்று ஒரு கேள்வி வந்தது. நான் இந்தக் காலேஜ் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். "ஏட்டி, உன் கோபி காலேஜ விட்டுட்டியே" என்றாய். அப்புறம் போடுகிறேன் என்றேன். நீயா விடுகிறவள்! அன்று மத்தியானம், மகளைக் கூட்டிவர அவள் ஸ்கூல் வாசலில் கார் வரிசையில் நிற்கும்போது, என் வாயிலிருந்து வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாதது.

எனக்குப் பட்டமே கிடையாது. ஏழு பேப்பரில் அரியர். ஐந்தை எழுதி முடித்தேன். மெக்கானிக்ஸும் எலெக்ட்ரானிக்ஸும் கடைசிவரை நின்றுபோயின. அதற்குள் ஜாதகம் பொருந்தி வந்துவிட்டது. அப்பா பயோடேட்டாவில் மேலே பிள்ளையார் படம் போட்டு, கீழே பி.எஸ்ஸி. பிசிக்ஸ் என்று அடித்துவிட்டார். அடுத்த பரீட்சையில் எழுதிவிடுவாள், அதுவரைக்கும் யார் கேட்கப்போகிறார்கள் என்றார். பரீட்சை வருவதற்குள் கல்யாணம் வந்துவிட்டது. மாமியார் கோயிலில் பார்ப்பவர்களிடமெல்லாம் "மருமக பி.எஸ்ஸி. பிசிக்ஸ்" என்று சொல்லும்போது நான் பக்கத்தில் நின்று விபூதி பூசிக்கொண்டிருப்பேன். வீட்டுக்காரருக்கும் தெரியாது.

கேட்டுக்கொண்டிருந்த நீ, பின்னால் நின்ற கார் ஹாரன் அடித்ததும்தான் வண்டியை நகர்த்தினாய்.

"கோபி காலேஜுக்கு இவங்க போன் போட்டா கேக்கப்போறாங்க? கம்முனு விட்டுட்டா என்ன?" என்றேன்.

"மறைச்சது தெரிஞ்சா சீட்ட ரத்து பண்ணுவோம்னு கீழேயே எழுதியிருக்கான். தெரியவே தெரியாதுன்னு வை. படிக்கிற நாள் பூரா வாசலையே பாத்துக்கிட்டு இருப்பியா? பன்னெண்டு வருசம் பாத்தது போதாதா?"

சுருக்கென்று தைத்தது. உண்மை என்பதால்தான் தைத்தது. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "உனக்கென்ன, உங்க வீட்டுக்காரர் மாசத்துல பாதி நாள் கடல்ல இருக்கறாரு. என் வீட்டுல நான் தினமும் மூஞ்சி பாக்கோணும்" என்று சொல்லிவிட்டேன். உன் வீட்டுக்காரர் நடுக்கடல் எண்ணெய்க் கிணற்று மேடையில் பதினாலு நாள், வீட்டில் பதினாலு நாள் என்று வேலை பார்ப்பவர். அந்தப் பதினாலு நாள் தனிமையைப் பற்றி நீ எவ்வளவு சொல்லியிருக்கிறாய் என்னிடம். தெரிந்தே அந்த இடத்தில்தான் அடித்தேன். நீ ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாய். மறுநாள் முதல் என் காரிலேயே காலேஜுக்குப் போனேன். ஒரு வாரம். வகுப்பிலும் வேறு வரிசையில் உட்கார்ந்தேன். நடுவில் இரண்டு நாள் நீ வகுப்புக்கே வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்று நினைத்தேன். பாவி நான்.

சனிக்கிழமை காலையில் பெல் அடித்தது. வாசலில் நீ. வலது கையில் ஒரு பெரிய தூக்குவாளி, அதில் உங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சொதி. இடது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாய். "ராணி மாதிரி ஒரு கையிலயே தூக்கிட்டு வர்ற?" என்று கிண்டல் பண்ணினேன், அதுதான் சமாதானம் என்று இருவருக்கும் தெரியும். "பேசாம வாங்குட்டி, கனக்குது" என்றாய். அப்ளிகேஷன் பாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுப்பைப் பற்ற வைத்தாய், இஞ்சித் துவையல் இருக்கிறதா என்று ஃபிரிட்ஜைத் துழாவினாய். கடைசியில், "அண்ணன் பின்னாடி ஸ்பிரிங்க்ளரோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காரு. நீ போய்ச் சொல்லிட்டு வா. நான் சோறு வடிக்கேன்" என்றாய். சொல்லணுமா வேண்டாமா என்றே கேட்கவில்லை.

போனேன். வீட்டுக்காரர் பின்பக்கத் தோட்டத்தில் தண்ணீர் தெளிக்கும் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். "ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும்" என்று தொடங்கி, நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். அவர் ஈர மண்ணில் குந்தியபடியே கேட்டார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

உன் பேரைச் சொன்னேன்.

"எப்பச் சொன்ன?"

"போன வாரம்."

ஸ்பேனரைக் கீழே வைத்தார். "பன்னெண்டு வருசம் எங்கூட இருந்துட்டு, போன வாரம் அவங்ககிட்டச் சொல்லியிருக்கற." பட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. உள்ளே வந்தவர் உன்னைப் பார்த்து வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. நீ தட்டை வைத்துவிட்டு, "அண்ணே, கோவத்த எம்மேல வையுங்க. சோத்து மேல வைக்காதீங்க" என்றாய். மனுஷன் உட்கார்ந்து இரண்டு தடவை சொதி வாங்கிச் சாப்பிட்டார். ஆனால் நாலு நாள் என்னோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் காப்பியைக் குடித்துக்கொண்டே, "ஈரோட்டுல எங்கண்ணன் பையன்கிட்டச் சொல்லியிருக்கறேன். காலேஜுக்கு நேர்ல போய் டிரான்ஸ்கிரிப்ட் வாங்கி அனுப்புவான். உன் பேரு, பழைய ரோல் நம்பரு எல்லாம் எழுதிக்குடு" என்றார். பிறகு, "எங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன், நீ பேசாத" என்றார். மாமியார் போனில் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அந்த ரெண்டு பேப்பரை அங்கிருந்தே எழுத முடியாதா?" இதை உன்னிடம் சொன்னபோது நீ சிரித்துப் புரையேறி, காரை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று.

அடுத்தது விண்ணப்பத்தோடு வைக்க வேண்டிய கட்டுரை. பழைய மார்க் ஏன் குறைவு என்று விளக்கி எழுத வேண்டும். முதல் முறை நான் எழுதியதில் என் அம்மாவுக்குப் பெரிய வியாதி. நீ படித்துவிட்டு, "உங்கம்மா போன மாசங்கூட வீடியோல முறுக்குப் பிழிஞ்சிட்டு இருந்தாளே" என்றாய். கிழித்தேன். இரண்டாம் முறை வறுமையைக் கொண்டுவந்தேன். "நெல்லு வயல் எத்தன ஏக்கர்னு சொன்ன?" என்றாய். அதையும் கிழித்தேன். எனக்கு எரிச்சலாகிவிட்டது. "படிக்கல, அவ்வளவுதான்! நான் படிக்கோணும்னு யாரும் எதிர்பார்க்கல, நானுந்தான். வீடே என் கல்யாணத்துக்குக் காத்துக்கிட்டு இருந்துது, நானும் கூடவே காத்துக்கிட்டு இருந்தேன்!" என்று கத்தினேன். நீ பேனாவை என் பக்கம் தள்ளி, "இத எழுது" என்றாய். எழுதினேன். ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. ஏழு அரியர், இரண்டு நின்றுபோனது, பயோடேட்டா எல்லாம் அதில் இருந்தன. அனுப்பும் பட்டனை அழுத்தும்போது, இது கிடைக்காது, ஆனாலும் இனி யாரும் என்னைப் பற்றிப் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை என்று ஒரு நிம்மதி வந்தது.

அனுப்பிய மறுநாள்தான் நீ சொன்னாய். மார்பில் கட்டி, நல்ல கட்டி இல்லை, அடுத்த வாரம் சிகிச்சை தொடங்குகிறது என்று. இன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்வது மாதிரிச் சொன்னாய். அன்றிலிருந்து நான் ஓட்டினேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து என் ஓட்டும் லட்சணத்தைத் திட்டிக்கொண்டு வந்தாய்.

மே மாதம் ஹில்கிராஃப்ட் தெருவில் இருக்கும் இந்தியக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது இமெயில் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். முருங்கைக்காயை அப்படியே போட்டுவிட்டு உனக்குப் போன் அடித்தேன். உன் வீட்டுக்காரர்தான் எடுத்தார், நீ மருந்து ஏற்றும் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாய். சந்தோஷப்பட்டார். பேச்சோடு பேச்சாக, "பிப்ரவரியில கட்டியில ஊசி போட்டு எடுத்தாங்களே, அந்த டெஸ்ட்டுக்குக்கூட நான் ஊர்ல இல்லம்மா. ஒத்தையில டாக்ஸி பிடிச்சுப் போய்ட்டு வந்திருக்கா. சனிக்கிழம சொதி வச்சு உங்க வீட்டுக்கு எடுத்துட்டு வந்தாளே, அதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி" என்றார்.

கடை நடுவில் அப்படியே நின்றுவிட்டேன். நீ வகுப்புக்கு வராத இரண்டு நாள். உடம்போடு ஒட்டி வைத்திருந்த இடது கை. நான் கிண்டல் பண்ணியது.

நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தேன். சீட் கிடைத்ததைச் சொல்வதற்கு முன்பே சண்டைக்கு வந்துவிட்டேன். "ஒரு போன் பண்ணியிருந்தா ஓடி வந்திருப்பேனே!" என்றேன். நீ கண்ணை மூடியபடியே சிரித்தாய்.

"வந்திருப்பட்டி. வந்து, நோயாளியாச்சேன்னு பாவம் பாத்து, நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டியிருப்ப. அண்ணன்கிட்டயும் எனக்காகத்தான் சொல்லியிருப்ப. எனக்காகச் சொன்னா அது செல்லுமா?" பிறகு ஒரு கண்ணைத் திறந்து, "சீட்டு கிடைச்சிட்டுல்லா? உன் மூஞ்சியே சொல்லுது" என்றாய்.

நவம்பரில் நீ போய்விட்டாய். என் முதல் செமஸ்டரின் கடைசித் தேர்வுகளுக்கு மூன்று வாரம் இருந்தது. எழுதினேன். பாஸ்.

நீ சொன்னது நியாயம்தான் என்று மூளை ஒத்துக்கொள்கிறது. மனசு ஒத்துக்கொள்ளவில்லை. அந்த டாக்ஸியின் பின் சீட்டில் நீ தனியாக உட்கார்ந்து வந்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. உன்னையும்தான், என்னையும்தான்.

போன வாரம் என்னோடு படிக்கும் ஒரு பெண்ணோடு புராஜெக்ட் விஷயமாக வாக்குவாதம். சென்னைப் பெண், இருபத்திரண்டு வயசு, என்னைப் போலவே வாய். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு பிரிந்தோம். தப்பு அவள் மேல்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் மறுநாள் காலை எட்டு மணிக்கு நானே அவளுக்குப் போன் செய்தேன். யாரோடு சண்டை வந்தாலும் இப்போதெல்லாம் இப்படித்தான் செய்கிறேன், ஒரு நாளைத் தாண்ட விடுவதில்லை.

"புராஜெக்ட் கிடக்கட்டும் கண்ணு. இந்த வாரம் டாக்டர்கிட்ட, வேற எங்கயாச்சும் போகோணுமா? நான் வண்டி எடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

"எங்கயும் இல்லையே ஆன்ட்டி. ஏன் கேக்கறீங்க?" என்றாள்.

"சும்மாதான்" என்றேன்.