ஆடி மாதத்தில் போடாத கையெழுத்து

அண்ணே,

பிள்ளைகள் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பெரிய பேரன் பாலிடெக்னிக்கில் முதல் வகுப்பு. சின்னவன் கபடியில் கப்பு வாங்கி அரிசிப் பானை மேல் வைத்திருக்கிறான். உங்கள் பேத்தி பல் டாக்டர் காலேஜில் சேர்ந்துவிட்டாள். லீவுக்கு வந்தவளின் வெள்ளைக் கோட்டைத் துவைக்க எடுத்தேன், கிராம்புத் தைல வாசம். நீங்கள் வந்து நின்ற மாதிரி இருந்தது. அஞ்சாப்பு படித்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ரங்கூனில் சீனாக்காரரிடம் கற்ற பல் கட்டும் வேலை உங்களுக்கு. பட்டம் கிடையாது. பட்டமில்லாதவர்கள் இன்ன தேதிக்குள் பேரைப் பதிந்தால்தான் இனிமேல் பல்லைத் தொடலாம் என்றது சர்க்கார். போட்டோவெல்லாம் எடுத்து, விண்ணப்பத்தை எழுதி முடித்து, கையெழுத்துப் போடப் போனீர்கள். நான்தான் மறித்தேன்.

"ஆடியில கையெழுத்தா? ஆவணி பொறக்கட்டும்ணே."

"கடைசித் தேதியே ஆடியிலதான் வருது தாயி."

"சர்க்கார் என்னைக்குச் சொன்ன தேதியில நின்னுருக்கு? தள்ளி வைப்பாங்க."

தள்ளி வைக்கவில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்தில் போய் நின்றோம். பதிவேட்டை மூடிவிட்டார்கள்.

அப்புறம் நம்ம வட்டத்துக் கட்சிச் செயலாளர். நீங்கள் செய்த பல்செட்டில் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "எங்க ஆட்சி வரட்டும்ணே, ஒரே நாள்ல முடிச்சுத் தாரேன்" என்றார். ஆட்சி வந்தது. பழங்காநத்தத்துக் கடைப் போர்டை இறக்கச் சொல்லி நோட்டீஸும் வந்தது. "சட்டம்ணே, நான் என்ன செய்ய" என்று அதே பல்லைக் காட்டினார். முந்தின ஆட்சிக்காரரும் இதைத்தான் சொன்னார். அம்புட்டு வருசம் வேலை பார்த்த கை இவர்களுக்குத் தெரியவில்லை, ஒரு தேதிதான் தெரிந்தது. செட் லூசானதும் அந்தச் செயலாளர் கொல்லை வழியாக வந்தாரே, நினைவிருக்கிறதா? "நான் தொடக்கூடாதாம்ப்பா, சட்டம்" என்று அனுப்பிவிட்டீர்கள்.

என்னை மட்டும் ஒரு சொல் சொன்னதில்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

பேத்தியின் காலேஜ் விண்ணப்பமும் ஆடியில்தான் வந்தது. உங்கள் மருமகள் பஞ்சாங்கத்தை எடுத்தாள். பிடுங்கிப் பரண்மேல் எறிந்தேன். "இப்பவே போடு ஆத்தா கையெழுத்தை" என்று பக்கத்திலேயே நின்றேன்.

அன்றைக்கு விண்ணப்பத்தில் ஒட்டாமல் போன உங்கள் போட்டோவைப் பெரிசாக்கித்தான் மாலை போட்டிருக்கிறோம். காலேஜுக்குத் திரும்பிவிட்ட பேத்திக்கும் ஒரு கடுதாசி எழுதியிருக்கிறேன்: 'கோட்டுப் போட்டுப் புதுசா ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. தாத்தா பக்கத்தில் ஆணி அடித்துவிட்டேன். நல்ல நாள் பார்க்காதே.'