ஐந்தாம் குழி

1996 செப்டம்பர் 9, திங்கள்

உக்கடத்தில் பஸ் கிடைக்கவே எட்டரை ஆகிவிட்டது. சிங்காநல்லூர் போய்ச் சேர்ந்தபோது கான்ட்ராக்டர் தம்பிதுரை வாசலில் நின்றிருந்தார். "ஏனுங்கம்மா சாஜிதா, சூப்பர்வைசரே பத்து மணிக்கு வந்தா ஆளுக எப்பங்க வரும்?" ஒன்பதேகால்தான் ஆகியிருந்தது.

சுவருக்கு அடியில் தோண்டும் இந்த வேலை எனக்குப் புதுசு. டிப்ளமோவில் ஒரு பக்கம் படித்ததோடு சரி. அழகிரிசாமி சார் தன் வீட்டுப் பின்புறத்தைக் குரோம் முலாம் பூசும் பட்டறைக்குப் பன்னிரண்டு வருஷம் வாடகைக்கு விட்டிருந்தார். பட்டறைக்காரர் மூடிவிட்டுப் போய்விட்டார். தொட்டிகளில் கசிந்த குரோமியம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. ஏழடி ஆழம் வரை மண் மஞ்சள். கிணற்றுத் தண்ணீரும் மஞ்சள். மண் முழுவதையும் அகற்றச் சொல்லி கோர்ட் உத்தரவு. வெளியிடத்து மண்ணை இயந்திரம் அள்ளிவிட்டது. மிச்சம் இருப்பது வீட்டின் மேற்குச் சுவருக்கு அடியில். அந்தச் சுவரின் கருங்கல் அஸ்திவாரமே நாலடிதான்.

வீட்டில் ஐந்து பேர் குடியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 12

டிசைன் செய்த இன்ஜினியர் கிருபாசங்கர் சார் சுவரில் சாக்பீஸால் எட்டுப் பாகம் பிரித்து எண் போட்டார். பாகத்துக்கு நாலடி. முதலில் 1, 4, 7 மட்டும் தோண்ட வேண்டும். மஞ்சள் மண்ணை எடுத்து, நல்ல மண் வந்ததும் கான்கிரீட் நிரப்பி, மேலே விட்ட இரண்டங்குல இடைவெளியில் ஈரம் குறைந்த சிமெண்டுக் கலவையை இடித்து இறுக்க வேண்டும். அது கெட்டியான பிறகு 2, 5, 8. கடைசியில் 3, 6. பக்கத்துப் பக்கத்துக் குழிகள் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது. சுவரில் ஏற்கெனவே இருந்த விரிசல்களின் குறுக்கே கண்ணாடித் துண்டுகளை ஒட்டினார். சுவர் நூலளவு அசைந்தாலும் கண்ணாடி உடையும். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பார்த்து நான் எழுத வேண்டும்.

செப்டம்பர் 16

அஸ்திவாரக் கல்லுக்கு அடியில் ஆண்களால் திரும்ப முடியவில்லை. மண் சுமக்க வந்திருந்த ராசாத்தாள் அக்கா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். நாற்பது வயசு, ஒடிசலான உடம்பு. அந்தியூர்க்காரர். சிறு களைக்கொத்தால் சுரண்டிச் சுரண்டி மண்ணைச் சட்டியில் தள்ளுகிறார். தலைக்கு மேலே முழுச் சுவர்.

"பயமா இல்லையாக்கா?"

"நீ மேல நிக்கறயல்ல கண்ணு. வுழுகறாப்புல இருந்தா சொல்ல மாட்டியா?"

செப்டம்பர் 23

1, 4, 7 முடிந்தன. கண்ணாடி ஒன்றுகூட உடையவில்லை. பெருமையாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 27

அக்காவின் விரல் முட்டிகளில் புண். சின்னதுதான், ஆனால் ஊசியால் குடைந்ததுபோல் ஆழம். கணுக்காலிலும் இருக்கிறது. "சிமிட்டிப் புண்ணு கண்ணு, தேங்காண்ண வெச்சா ஆறிரும்" என்றார். தம்பிதுரையிடம் கையுறை கேட்டேன். இரண்டு ஜோடி வாங்கித் தந்தார். கல்லில் உரசி ஒரே நாளில் கிழிந்தன.

அக்டோபர் 2

2, 5, 8 தோண்டுகிறோம். அக்காவுக்கு மூக்கில் ரத்தம். வெயில் என்றார். குழிக்குள் ஏது வெயில்?

அக்டோபர் 4

கிருபாசங்கர் சார் வந்தார். கண்ணாடிகளைப் பார்த்து, திருப்தி என்றார். நான் அக்காவின் கையைக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"வெறுங்கையிலயா அள்றாங்க? அந்த மண்ணு தோல்ல படவே கூடாதுன்னு என் ரிப்போர்ட்ல இருக்கே. ரெண்டாவது பக்கம். நீங்க படிக்கலையா?"

எனக்கு வந்தது வரைபடம் மட்டும். ரிப்போர்ட்டை நான் பார்த்ததே இல்லை. தம்பிதுரை பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். "எல்லா மண்ணுக்கும் இப்படித்தானுங்க எழுதுவாங்க. செவுரு நிக்கோணும், மண்ணு போகோணும், மழைக்கு முன்னால. நம்ம வேல அவ்வளவுதானுங்க."

இரண்டாவது பக்கத்தை நாலு முறை படித்தேன். ரப்பர் பூட்ஸ். முழங்கை வரை கையுறை. முகமூடி. புண் உள்ளவர்களை இறக்கவே கூடாது.

அக்டோபர் 5

நிறுத்திவிட்டேன். நானாக. பூட்ஸும் கையுறையும் வரும் வரை யாரும் இறங்கக் கூடாது என்றேன். மெட்ராஸிலிருந்து வரப் பத்து நாளாகும் என்றார் தம்பிதுரை. ஆகட்டும் என்றேன். மூன்று குழிகள் திறந்தபடி கிடக்கின்றன. மேலே தகரம் போட்டு மூடியாயிற்று.

அக்டோபர் 11

வரவில்லை. வானம் மூட்டமாக இருக்கிறது.

அக்டோபர் 14, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. நான் போனபோது ஐந்தாம் குழியில் தொடையளவு தண்ணீர். மஞ்சள் பொடி கரைத்தமாதிரி. குழியின் பக்கம் கரைந்து, ஆறாம் பாகத்தைத் தாங்கியிருந்த மண் சரிந்துகொண்டிருந்தது. பத்தரை மணிக்கு ஐந்துக்கு மேலிருந்த கண்ணாடி உடைந்தது. சத்தம்கூட வரவில்லை. பார்க்கிறேன், இரண்டு துண்டு.

கல்லுக்கு அடியில் இரும்புத் தகடு வைத்து இரண்டு ஸ்க்ரூ ஜாக்கிகளை நிறுத்திவிட்டால் சுவர் தாங்கும். ஜாக்கி வேலைக்கு வந்திருந்த சிக்கந்தர் இறங்கிப் பார்த்தார். தோள் நுழையவில்லை. ஏறிவிட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ராசாத்தாள் அக்கா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். பத்து நாளாக மேல் வேலைதான் கொடுத்திருந்தேன். புண் ஆறவில்லை. எனக்குத் தெரியும்.

"அக்கா, ஒரே ஒரு தடவை" என்றேன்.

"எங்க வெக்கோணும்னு சொல்லு கண்ணு" என்று இறங்கினார்.

ஒன்றேமுக்கால் மணி நேரம். தகட்டுக்கு இடம் தேடி இரண்டு முறை தண்ணீருக்குள் முகம் முங்கியது. ஏறும்போது இருமிக்கொண்டே சிரித்தார். "நின்னுக்கிச்சா?" நின்றுவிட்டது.

நான் ஏன் இறங்கவில்லை? நானும் ஒல்லிதான். கண்ணாடிகளைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்டோபர் 15

மழை விட்டது. கிருபாசங்கர் சார் போனில் பாராட்டினார். அக்கா வேலைக்கு வரவில்லை.

அக்டோபர் 17

அக்காவுக்கு நேற்று முழுக்க வாந்தி. சிறுநீர் போகவில்லை. பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மகள் சண்முகப்பிரியா மில் சீருடையோடு கட்டிலருகே நின்றிருந்தாள். என்னைப் பார்த்து வணக்கம் வைத்தாள்.

மத்தியானம் தம்பிதுரை வந்து வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். "திங்கக்கிழம அந்தம்மா வேலைக்கே வரலீன்னு ரிஜிஸ்தர்ல எழுதிப்போடுங்க. உங்க நல்லதுக்குத்தானுங்க சொல்றேன். எறங்கச் சொன்னது யாருங்க? நானுங்களா?"

அவர் சொன்னது பொய் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 18

இரண்டாவது பக்கத்தை டாக்டரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு நிமிர்ந்தார். "புண் வழியா உள்ள போயிருக்கு. ரெண்டு கிட்னியும் வேலை செய்யல. இந்தப் புண்ணு முன்னாடியே இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

"தெரிஞ்சேவா எறக்குனீங்க?"

அக்டோபர் 21

போயிருச்சு. காலையில ஆறு மணிக்கு. அக்கா போயிருச்சு. நான் போறதுக்குள்ள துணி போட்டு மூடிட்டாங்க. என்னத்த எழுதறது.

அக்டோபர் 23

தூக்கம் இல்லை. ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த வீட்டில் ஐந்து பேர். அழகிரிசாமி சாரின் மனைவி ரங்கம்மாளுக்கு இடுப்பெலும்பு முறிந்து படுக்கை. அவரைக் கட்டிலோடு தூக்கினாலும் பத்தே நிமிஷத்தில் எல்லாரையும் வாசலுக்குக் கொண்டுவந்திருக்கலாம். சுவர் விழுந்திருக்கும். விழட்டும். இரண்டு மாதத்தில் கட்டிவிடலாம்.

அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. ஒரு நொடிகூட. ஒரு மாதமாக மூன்று வேளையும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 25

விசாரணை அதிகாரியிடம் ரிஜிஸ்தரைத் திருத்தாமல் கொடுத்தேன். ரிப்போர்ட்டை யார் மறைத்தது என்று சொன்னேன். இறங்கச் சொன்னது நான் என்றும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். "இதச் சொல்லியே ஆகணுமாம்மா?" ஆகணும் என்றேன்.

வேலை போயிற்று. அம்மா சோறு போட்டு வைத்துவிட்டுத் தொழப் போனார்.

டிசம்பர் 6

சிங்காநல்லூர் வழியாகப் போனேன். வேறு கான்ட்ராக்டர். 3, 6 நடக்கிறது. எட்டு ஆட்களுக்கும் முழங்கால் பூட்ஸ், கையுறை, முகமூடி. பஸ்ஸை விட்டு இறங்கி நின்று எண்ணினேன்.

1997 பிப்ரவரி 3

காந்திபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தேன். கட்டட வரைபடங்கள் வருகின்றன. பார்க்காமல் நகல் எடுக்கப் பழகிவிட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இழப்பீட்டு வழக்கில் முதல் விசாரணை. தம்பிதுரையின் வக்கீல், எல்லாம் என் தவறு என்றார். என் முறை வரவில்லை, வாய்தா. வெளியே பெஞ்சில் சண்முகப்பிரியா. ஒரு முனையில் அவள், மறு முனையில் நான். என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"எங்கம்மாவ எறங்கச் சொன்னது நீங்கதானுங்களா?"

"ஆமா."

"ஆஸ்பத்திரில கேட்டேனுங்க, ஏம்மா எறங்குனேன்னு. அந்தப் புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்னுச்சு."

மன்னிச்சுக்கோ என்று தொடங்கினேன். அவள் எழுந்துவிட்டாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. ஜூன் பன்னெண்டு வாய்தா. பத்து மணிக்கு. சாட்சி சொல்ல வந்துருங்க."

கடையில் அன்றைக்கு லீவு சொல்ல வேண்டும்.